84 மில்லிமீட்டர் போதும்

பழைய வண்ணாரப்பேட்டைல சொந்தமா ஸ்கீ, அதான் கால்ல மாட்டிக்கினு பனில சறுக்குற நீளப் பலகை, வெச்சிருக்கிற வீடு எங்க வீடு ஒண்ணுதான் இருக்கும்னு நினைக்கிறேன். பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல நிக்க வெச்சிருக்கேன், வர்ற சொந்தக்காரங்க மொதல்ல இது இன்னான்னு கேப்பாங்க, அப்புறம் வெலைய கேப்பாங்க, மூணாவதா "இத வெச்சிக்கினு இங்க இன்னா பண்ணுவ"ன்னு கேப்பாங்க. மூணாவது கேள்வி நியாயமான கேள்விதான். வருஷத்துல ஏதோ ஒரு வாரம் பனியப் பாக்கிற ஆளு, மீதி நேரமெல்லாம் வேர்வைல நனைஞ்சிக்கினு மெட்ரோ புடிச்சு ஆபீஸ் போற ஆளு, எதுக்கு சொந்தமா ஸ்கீ வாங்கணும், வாங்கினா எத வாங்கணும்? நெட்டுல தேடினா வர்றதெல்லாம் வீட்டுலேர்ந்து ரெண்டு மணி நேரம் கார் ஓட்டினா மலை வந்துரும்ங்கிற ஊர்க்காரங்க எழுதினது, அவங்க ஒரு சீசன் முழுக்க வாரா வாரம் போறவங்க, மூணு ஜோடி வெச்சிருப்பாங்க. நம்ம கணக்கு வேற. அதான் இத எழுதுறேன்.

நான் கத்துக்கிட்டது காஷ்மீர் குல்மார்க்ல. அங்க மத்திய சுற்றுலாத் துறைக்குக் கீழ ஐஐஎஸ்எம்னு ஸ்கீயிங் சொல்லித் தர்ற ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கு, 1968-லேர்ந்து நடக்குது, மொதமொதல்ல பனில கால் வெக்கிறவங்களுக்கு நம்ம நாட்டுல அத விட நல்ல இடம் சொல்லத் தெரியல. உத்தராகண்ட்ல ஆலி இருக்கு, அங்க மாநில அரசோட சுற்றுலா நிறுவனம் ஜிஎம்விஎன் கோர்ஸ் நடத்துறாங்க, மணாலி பக்கம் சோலாங் இருக்கு. நான் குல்மார்க்கையே புடிச்சிக்கினேன். இப்ப நான் எந்த லெவல்னா, சுமாரான சரிவுல ரெண்டு ஸ்கீயும் சேர்ந்து திரும்பும், அதாவது பேரலல் டர்ன் வரும், ஆனா கொஞ்சம் செங்குத்தா ஆச்சுன்னா ஒடம்பு தானா பின்னாடி சாயும், ரெண்டு முனையும் ஒண்ணோட ஒண்ணு சேந்து பழைய ஸ்னோ ப்ளவ் வந்து எட்டிப் பாக்கும். இதுக்குப் பேர்தான் இன்டர்மீடியட். கடைக்காரன் கிட்ட "இன்டர்மீடியட் டு அட்வான்ஸ்ட்"னு சொல்ல வாய் வரும், சொல்லாதீங்க. நாளைக்கு நாம எப்படி ஓட்டுவோம்னு நினைக்கிறோமோ அந்த ஆளுக்கு ஸ்கீ வாங்கினா இன்னிக்கு ஓட்டுற ஆளு கஷ்டப்படுவா.

சரி, மொதல்ல பூட். ஸ்கீ பத்தி பேசணும்னு வந்துட்டு பூட் பத்தி பேசுறேன்னு நினைக்காதீங்க, கையில இருக்கிற காசு ஒண்ணுக்குத்தான் பத்தும்னா பூட் வாங்குங்க, ஸ்கீய வாடகைக்கு எடுங்க, இதுல எனக்கு சந்தேகமே கெடயாது. வாடகை பூட்டுல உள்ள மெத்தை மாதிரி இருக்கிற லைனர் நூறு பேரு போட்டு அமுங்கிப் போயிருக்கும், குதிகால் மேல தூக்கும், நீங்க முட்டிய உள்ள தள்ளுறீங்க ஆனா அந்த அசைவு பூட்டுக்குள்ளயே கரைஞ்சு போயிரும், ஸ்கீக்கு போய்ச் சேராது. நமக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருப்போம்.

பூட் சைஸ் சென்டிமீட்டர்ல வரும், கால் நீளம் எவ்ளோவோ அவ்ளோ. என்னுது 24.5. வெளி ஓட்டுல முழு சைஸுக்கும் அரை சைஸுக்கும் பெரும்பாலும் ஒரே ஷெல்தான், 24-ம் 24.5-ம் ஒண்ணுதான், லைனரும் அட்டையும்தான் மாறும். சரியா இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு: லைனரை வெளிய எடுத்துட்டு வெறும் ஷெல்லுக்குள்ள கால விட்டு, கட்டவெரல் முன்னாடி தொட்டுக்கினு இருக்கிற மாதிரி நின்னு, குதிகாலுக்குப் பின்னாடி எவ்ளோ எடம் இருக்குன்னு பாக்கணும். ஒண்ணரை ரெண்டு விரல் நுழைஞ்சா சரி. மூணு விரல் போச்சுன்னா வேணாம், எவ்ளோ சொகுசா இருந்தாலும் வேணாம். எங்கம்மா எம்.சி. ரோட்டுல ஸ்கூல் ஷூ வாங்கும்போது "வளர்ற புள்ள"ன்னு ஒரு சைஸ் பெருசா வாங்குவாங்க, அந்தப் பழக்கம் ரத்தத்துல இருக்கு எனக்கு, அத மீறித்தான் வாங்கணும். நான் ஆபீஸ் வேலையா மியூனிக் போயிருந்தப்போ வாங்கினேன், கடைல ஒரு வயசான பிட்டர், ஒரு மணி நேரம் என் கால புடிச்சு அழுத்திப் பாத்துட்டு 80 ஃப்ளெக்ஸ் எடுத்துக் குடுத்தாரு. ஃப்ளெக்ஸ்ங்கிறது பூட் எவ்ளோ வெறைப்புங்கிற நம்பர், ஆனா ஒரு கம்பெனி 80-ம் இன்னொரு கம்பெனி 80-ம் ஒண்ணா இருக்காது, எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்ல. அத விட முக்கியம், இந்த பிளாஸ்டிக் குளிர்ல வெறைக்கும், சூட்டுல எளகும். சித்திரை மாசம் நம்ம வீட்டு ஹால்ல போட்டுப் பாத்துட்டு ரொம்ப சாஃப்டா இருக்கேன்னு நெனச்சா, அதே பூட் மைனஸ் பத்து டிகிரில இரும்பு மாதிரி நிக்கும்.

யாரோ பத்து பன்னெண்டு வருஷம் பரண்ல வெச்சிருந்த பூட் சும்மா கெடைக்குதுன்னா வாங்காதீங்க. பூட் ஓட்டுக்குப் போடுற பாலியூரித்தேன் பிளாஸ்டிக் ஈரக்காத்துல உள்ளுக்குள்ளயே சிதையும், வெளிய பாத்தா பளபளன்னு இருக்கும், ஒரு நாள் சரிவுல போகும்போது ஓடு அப்படியே ரெண்டா பொளந்துக்கும். நம்ம ஊர் ஈரத்துல இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இப்ப ஸ்கீக்கு வரேன். எல்லாரும் சண்ட போடுற எடம் அகலம். ஸ்கீயோட நடுப்பகுதி, பூட்டுக்கு அடியில வர்ற எடம், எத்தன மில்லிமீட்டர்ங்கிறதுதான் அந்த நம்பர். 65-லேர்ந்து 80 வரைக்கும் அழுத்தி சமமாக்கின பனில கார்விங், அதாவது விளிம்புல சாய்ச்சு திரும்புறது, பண்றதுக்கு, 80-லேர்ந்து 100 வரைக்கும் ஆல் மவுன்டன்னு சொல்றது, 105-க்கு மேல போனா ஆழமான புதுப்பனிக்கு. குல்மார்க் போறேன்னு சொன்னாலே ஆளாளுக்கு "நூத்தி அஞ்சுக்குக் கீழ வாங்காத"ன்னுதான் சொல்வாங்க. சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கொண்டோலா, அதான் கேபிள் கார், அதோட ரெண்டாவது கட்டம் அஃபர்வத் மலைத் தோள்ல, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் ஒசரத்துல கொண்டு போய் விடும், அங்கேர்ந்து கீழ வரைக்கும் முழங்கால் ஆழத்துக்கு பவுடர் மாதிரி புதுப்பனி, உலகம் பூரா இருந்து அதுக்குத்தான் ஜனம் வருது. அந்தப் பனில அகலமான ஸ்கீ மெதக்கும், ஒல்லியானது முங்கும்.

ஆனா அங்க நானும் நீங்களும் எங்க ஓட்டப் போறோம்? கீழ கிண்ணம் மாதிரி இருக்கிற சரிவுல, அப்புறம் கொண்டோலா மொதக் கட்டம் போய் நிக்கிற கோங்டூரிலேர்ந்து கீழ வர்ற சரிவுல. காலைல கெட்டியா, ஐஸ் கலந்து இருக்கும், மத்தியானம் எல்லாரும் ஓட்டி ஓட்டி மேடு பள்ளமா ஆயிருக்கும். இந்தப் பனில 105 மில்லி ஸ்கீய சாய்க்கிறது சும்மா இல்ல. விளிம்பு கால் நடுவுலேர்ந்து தள்ளிப் போயிருச்சு, அத பனில பதிய வெக்க இன்னும் அதிகமா சாய்க்கணும், முட்டி வலிக்கும், ஒரு பக்கத்துலேர்ந்து மறு பக்கம் மாற நேரம் எடுக்கும். நம்ம லெவல்ல இருக்கிறவன் இன்னா பண்ணுவான், விளிம்புல நிக்காம ஸ்கீய தட்டையா வெச்சு பின்பக்கத்த சறுக்கித் தள்ளியே திரும்பிருவான். அது வேலை செய்யும். அதான் பிரச்சனை, வேலை செய்யிறதால கத்துக்க வேண்டியத கத்துக்காமயே நாலு வருஷம் ஓடிரும்.

இன்னொண்ணு, அந்த பவுடர் எல்லா வருஷமும் வந்துராது. 2024 ஜனவரில குல்மார்க் காஞ்ச புல்லா கெடந்துச்சு, பேப்பர்ல எல்லாம் போட்டாங்க, டிக்கெட் போட்டு வெச்சவங்க நெலம எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் பிப்ரவரில ஒரேடியா கொட்டுச்சு, அதே மாசம் பனிச்சரிவுல ஒரு ரஷ்ய ஸ்கீயர் செத்துப் போனாரு. மேல அஃபர்வத் பக்கம் அழுத்தி சரி பண்ணின ட்ராக் கெடயாது, பனில பொதைஞ்சவங்கள தேட டிரான்சீவர், தோண்ட சவள், குத்திப் பாக்க ப்ரோப் கம்பி, மூணும் கூட இருக்கணும், அத எடுக்கத் தெரியணும், கூட ஒரு கைடு வேணும். அந்தத் தகுதி வர்ற வரைக்கும் அந்த எடத்துக்கான ஸ்கீய வாங்கி என்ன புண்ணியம்? நல்ல பவுடர் நாள் ஒண்ணு அமைஞ்சா அன்னிக்கு மட்டும் குண்டு ஸ்கீ வாடகைக்கு எடுத்துக்கங்க. குல்மார்க் கடைங்கள்ல அகலமானதுதான் நெறைய கெடைக்கும், 80-க்கு பக்கத்துல நல்லதா ஒண்ணு கேளுங்க, தேஞ்சு போன பழசு ஒண்ணு கையில குடுப்பாங்க. அதனாலயே எது வாடகைக்கு நல்லா கெடைக்காதோ அத சொந்தமா வெச்சிக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தோணுச்சு. 84 மில்லிமீட்டர்ல நின்னேன். ஆலி மட்டும்தான் போவேன்னா இன்னும் கம்மியா 75, 78 கூட போதும்.

நீளம் அவ்ளோ கொழப்பம் இல்ல. நிக்க வெச்சா தாடைக்கும் நெத்திக்கும் நடுவுல வரணும், ஆரம்பத்துல இருக்கிறவங்க தாடை பக்கம், கொஞ்சம் வேகமா போறவங்க நெத்தி பக்கம். நான் 162 சென்டிமீட்டர், 61 கிலோ, என் ஸ்கீ 158. ஒசரத்த விட எடைதான் ஸ்கீக்குத் தெரியும், ஒரே ஒசரத்துல 50 கிலோ ஆளும் 75 கிலோ ஆளும் ஒரே நீளம் வாங்கக்கூடாது. முனைல ராக்கர் அதிகமா இருந்தா, அதாவது தரைல வெச்சா முன்பக்கம் சீக்கிரமே மேல தூக்கிக்கினு இருந்தா, கெட்டிப்பனில தொடுற விளிம்பு கம்மியாயிரும், ஓட்டும்போது குட்டையா தெரியும், அதுக்கு ஒரு அஞ்சு சென்டி சேத்துக்கலாம். கேம்பர்ங்கிறது அதுக்கு நேரெதிர், நடுவுல வில்லு மாதிரி தூக்கி இருக்கிறது, மேல நின்னதும் அமுங்கி விளிம்பு முழுக்க பனிய கடிக்கும். இன்டர்மீடியட்டுக்கு முன்னாடி கொஞ்சம் ராக்கர், காலுக்கடியில கேம்பர், இந்தக் கலவைதான் சரி. முழுக்க ராக்கர் வெச்ச ஸ்கீய 2000-த்துக்கு அப்புறம் ஷேன் மெக்காங்கிதான் பிரபலம் பண்ணாரு, அவரு அலாஸ்கால தண்ணில ஓட்டுற ஸ்கீய மாட்டிக்கினு பனில எறங்கின ஆளு. அது அவருக்கு.

பக்கவாட்டு வளைவு ரேடியஸ்னு மீட்டர்ல போட்டிருக்கும், கம்மியா இருந்தா சின்ன வட்டத்துல திரும்பும். 1993-ல ஸ்லோவேனியாக்காரன் எலான் கம்பெனி எஸ்சிஎக்ஸ்னு ஒண்ணு எறக்குற வரைக்கும் ஸ்கீ எல்லாம் கிட்டத்தட்ட நேர் பலகைதான், ஆம்பளைங்க ரெண்டு மீட்டர் நீளத்துல ஓட்டிக்கினு இருந்தாங்க, திரும்புறதுக்கே தனி வித்தை வேணும். ஸ்கீயோட நடுப்பகுதிய ஒல்லியாக்கி முனையும் வாலும் அகலமா பண்ணதும் சாய்ச்சாலே திரும்ப ஆரம்பிச்சிருச்சு. நம்மள மாதிரி சமதரைல பொறந்தவங்க கொஞ்ச நாள்லயே பேரலல் டர்ன் போடுறோம்னா அதுல பாதி பெருமை அந்த வளைவுக்குத்தான். 13-லேர்ந்து 16 மீட்டருக்குள்ள பாருங்க. ரேஸ்ல ஜயன்ட் ஸ்லாலம் ஆம்பளைங்க ஸ்கீக்கு 30 மீட்டர் ரேடியஸ் இருக்கணும்னு ரூல், அதுல தான் நம்ம காஷ்மீர் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 45-வதா வந்தாரு, நம்ம நாட்டுலேர்ந்து அந்த வருஷம் போன ஒரே ஆளு அவருதான். அவர் ஓட்டுறத பாத்துட்டு அவர் ஓட்டுறத வாங்க ஆசைப்படக்கூடாது, அவ்ளோதான் சொல்ல வந்தேன்.

பொம்பளைங்க ஸ்கீன்னு தனியா விக்கிறாங்களே, அது ஏமாத்து வேலையான்னு என் ஆபீஸ் ஃப்ரெண்ட் கேட்டா. பாதி. நெறைய மாடல் ஆம்பளைங்களுக்கு வர்ற அதே அச்சுதான், உள்ள கட்டைய கொஞ்சம் லேசாக்கி, சின்ன நீளத்துலயும் போட்டு, பூ டிசைன் அடிச்சிருவாங்க. லேசா இருக்கிறதும் எளகி இருக்கிறதும் நெசமாவே நமக்கு நல்லது, பூவ கண்டுக்காதீங்க.

அந்த எளகிங்கிற விஷயம் எனக்கு சரியா புரிஞ்சது ஒரு கடைலயும் இல்ல, காசிமேட்டுல. அப்பாவோட கூட்டாளி ஒருத்தரு ஃபைபர் போட் ரிப்பேர் பண்றாரு, அவருகிட்ட ஸ்கீய எடுத்துக்கினு போய் காட்டினேன், சும்மா ஆர்வத்துலதான். கையில வாங்கி பக்கவாட்டுல பாத்தாரு, ஒரு ரூபா காசு எடுத்து நீளத்துக்கும் தட்டிக்கினே வந்தாரு. "இன்னாமா, நம்ம போட்டுதான இது. நடுவுல கட்ட, ரெண்டு பக்கமும் கிளாஸ் மேட்டு, ரெசின போட்டு அமுக்கிக்கிறான். கீழ இன்னா இது, பிளாஸ்டிக்கு?"ன்னாரு. பாலிஎத்திலீன்ணா, வழுக்குறதுக்குன்னேன். "சத்தம் ஒரே மாரி வருது பாரு, உள்ள வுட்டுக்கல. டொக்குன்னு கேட்டா மட்டும் தூக்கிப் போட்டுரு, தண்ணி உள்ள பூந்துச்சுன்னா கட்ட ஊறி மேட்டு தனியா வந்துரும்"னாரு. அவ்ளோதான் ஸ்கீ. பாப்லர், பீச், பவ்லோனியா மாதிரி மரம் நடுவுல, மேலயும் கீழயும் கண்ணாடி இழை, ஓரத்துல ஸ்டீல் விளிம்பு. போட்டுக்கு எவ்ளோ அடுக்கு மேட்டு போடுறோமோ அவ்ளோ வெறைப்பு, ஸ்கீலயும் அதே கணக்கு. அடியில கல்லு கீறி மரம் தெரியிற அளவுக்கு ஆயிருச்சுன்னா ஒடனே அடைக்கணும்ங்கிறதும் அதே காரணம்.

வெலை ஜாஸ்தியான ஸ்கீல கண்ணாடி இழையோட டைட்டனால்னு ஒரு உலோகத் தகடும் போடுவாங்க, டைட்டேனியம்லாம் இல்ல, அலுமினியக் கலவைதான். ஏரோப்ளேன் கம்பெனி இன்ஜினியரா இருந்த ஹோவர்ட் ஹெட் 1950 வாக்குல அலுமினியத்த ஸ்கீக்குள்ள கொண்டு வந்ததுலேர்ந்து இந்த வழக்கம் இருக்கு. தகடு அதிர்வ அடக்கும், வேகத்துல நடுங்காது. ஆனா ஸ்கீ திரும்புறது வளையிறதாலதான், அத வளைக்க எடை வேணும் இல்ல வேகம் வேணும், என்கிட்ட ரெண்டும் இல்ல. ரெண்டு முழுத் தகடு போட்டத நான் ஓட்டினா அது அதும்பாட்டுக்கு நேரா போகும். காலுக்கடியில மட்டும் சின்னதா தகடு வெச்சது இருக்கு, இல்ல தகடே இல்லாதது, எதுன்னாலும் சரி.

வாங்கினது புதுசு இல்ல. பெரியப்பா பையன் மியூனிக் பக்கம்தான் இருக்கான், அங்க சீசன் முடியும்போது வாடகைக் கடைங்க அந்த வருஷத்து ஸ்கீயெல்லாம் தள்ளிருவாங்க, அதுல ஒண்ணு. வாடகை ஸ்கீல ஒரு வசதி இருக்கு, பூட்ட ஸ்கீ மேல புடிச்சு வெக்கிற பைண்டிங் தண்டவாளம் மாதிரி ட்ராக்ல முன்ன பின்ன நகரும், எந்த பூட்டா இருந்தாலும் ட்ரில் போடாம மாட்டலாம். அவனுக்கு வாட்ஸாப்ல அனுப்பின செக்லிஸ்ட்: விளிம்பு ஸ்டீல் எவ்ளோ தடிமன் மீதி இருக்கு, தீட்டித் தீட்டி கரைஞ்சிருக்கான்னு பாரு, பக்கவாட்டுல பொளவு இருக்கான்னு பாரு, அடியில ஆழமா கீறல் இருக்கான்னு பாரு, ரெண்டையும் அடி சேத்து வெச்சா கேம்பர் ஒரே மாதிரி இருக்கான்னு பாரு. "அக்கா நீ இன்னா ஸ்கீ இன்ஸ்பெக்டரா"ன்னு கேட்டான். கேக்கட்டும். பாத்து எடுத்துக்கினு வந்தான் இல்ல.

வந்ததும் மொதப் பிரச்சனை நம்ம கடல்காத்து. விளிம்பு சாதா ஸ்டீல், துருப்புடிக்கும், எங்க வீட்டுலேர்ந்து கடல் நடந்து போற தூரம், ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தடவ பெயிண்ட் கேக்குது. சீசன் முடிஞ்சு வந்ததும் நல்லா தொடச்சு, காய வெச்சு, அடிப்பக்கம் முழுக்க மெழுகு உருக்கி தடிமனா ஊத்தி, விளிம்பு மேலயும் வழிய விட்டு, சுரண்டாம அப்படியே விட்டுடணும், அடுத்த தடவ போறதுக்கு முன்னாடி சுரண்டினா போதும். இதுக்கு டெம்பரேச்சர் நிலையா நிக்கிற வேக்ஸ் ஐயன் வேணும், துணி தேய்க்கிற பெட்டி திடீர்னு சூடேறி அடிப்பக்கத்த பொசுக்கிரும். முக்கியமா, ட்ராவல் பேக்ல ஈரத்தோட மூடி வெக்காதீங்க. லேசா துரு வந்திருந்தா பயப்படாதீங்க, கம்மி ஸ்டோன்னு ஒரு ரப்பர் கல்லு இருக்கு, நாலு இழுப்புல போயிரும்.

எடுத்துக்கினு போறது பத்தி ரெண்டு வார்த்த. ஸ்கீ, பைண்டிங், பூட் எல்லாம் சேத்து பத்து கிலோவ தொட்டுரும், ஃப்ளைட்ல போனா ஏர்லைன் ரூல்ஸ மொதல்லயே படிச்சிருங்க. எனக்கு ரயில்தான் புடிக்கும், சென்ட்ரல்ல அந்தமான் எக்ஸ்பிரஸ் ஏறினா கத்ரா வரைக்கும் ஒரே வண்டி, 2025 ஜூன்லேர்ந்து கத்ராலேர்ந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத்தும் ஓடுது. 158 சென்டி ஸ்கீ லோயர் பெர்த்துக்கு அடியில போகும். நம்ம பாரிஸ் கார்னர் பக்கம் தார்ப்பாய் தைக்கிறவருகிட்ட அளவு குடுத்து பை தைச்சேன், கிடாரான்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன்.

கடைசியா பைண்டிங், இதுல மட்டும் வெளையாடாதீங்க. விழும்போது பூட்ட விட்டுரணும், விழாதப்போ விடக்கூடாது, அதுக்கான ஸ்ப்ரிங் செட்டிங்தான் டின் நம்பர். எடை, ஒசரம், வயசு, பூட்டோட அடி நீளம், அப்புறம் நீங்க எப்படி ஓட்டுவீங்க, இத்தனையும் வெச்சு ஐஎஸ்ஓ 11088-ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்ட்ல ஒரு டேபிள் இருக்கு. பூட் அடி நீளம் குதிகால் பக்கத்துல மில்லிமீட்டர்ல பொறிச்சிருக்கும். ஓட்டுற விதம் மூணு டைப்: மெதுவா ஜாக்கிரதையா ஓட்டினா 1, நடுத்தரம் 2, வேகமா முரட்டுத்தனமா ஓட்டினா 3. டைப் கூடக்கூட நம்பர் ஏறும், நம்பர் ஏறினா கழண்டு வர்றது கஷ்டம், முட்டி லிகமென்ட்தான் அதுக்கு வெலை. குல்மார்க்ல கூட்டத்துல அவசரமா மாட்டி விடுறவங்க கேக்கவே மாட்டாங்க, நீங்களே சொல்லணும். எனக்கு அஞ்சுக்கு அக்கம்பக்கம் வருது, அதனால 3-லேர்ந்து 10 வரைக்கும் இருக்கிற பைண்டிங்தான் எடுத்தேன், 6-ல ஆரம்பிக்கிற பெரிய பைண்டிங் சும்மா குடுத்தாலும் என் காலுக்கு ஆகாது. கழண்ட ஸ்கீ ஓடிராம நிறுத்துற ப்ரேக்கோட அகலமும் பாருங்க, 84 மில்லி ஸ்கீக்கு 90 ப்ரேக் சரியா உக்காரும். டைப் இன்னான்னு கேட்டா நான் இன்னமும் 1-னுதான் சொல்றேன்.